உதய் தானி மாகாணத்துக்குத் தந்தையுடன் ஒரு பயணம்: ஆற்றையும் காட்டையும் பார்க்க வழி என்ன?

கேள்வி: ஆற்றுமணல்

மன்றத்தில் உள்ள அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் மாதம் என் தந்தையை அழைத்துக்கொண்டு தாய்லாந்து செல்ல எண்ணியிருக்கிறேன். அலுவல் காரணமாக பாங்காக்கை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அந்நகரத்தின் நெரிசலிலும் கடைவீதிகளிலும் அவரை அலைக்கழிக்க எனக்கு மனமில்லை. பணி ஓய்வு பெற்ற பின் அவர் பறவை நோக்குதலில் முழு மனத்தையும் செலுத்தி வருகிறார். விடியற்காலையில் எழுந்து ஒரே மரத்தடியில் இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கக்கூடியவர். ஆகவே ஆறும் காடும் அருகருகே அமைந்த, சுற்றுலாக் கூட்டம் குறைந்த ஒரு நாட்டுப்புற மாகாணத்தைத் தேடியபோது உதய் தானி கண்ணில் பட்டது.

அங்கே சகே கிராங் என்னும் ஆற்றில் மிதவை வீடுகளில் மக்கள் வாழ்கிறார்கள் என்றும், மேற்கே ஹுவாய் கா கேங் என்னும் வனவிலங்குச் சரணாலயம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது என்றும் படித்தேன். ஆனால் அக்காட்டுக்குள் வெளிநாட்டவர் செல்ல முடியுமா, சென்றால் யானை, காட்டு மாடு போன்றவற்றைப் பார்க்க வாய்ப்புண்டா என்பது பற்றித் தெளிவான தகவல் கிடைக்கவில்லை. தாய்லாந்து மொழி அறியாத இருவர் அங்கே நான்கைந்து நாட்கள் தங்கி வருவது நடைமுறையில் இயலுமா? ஆற்றங்கரை ஊரில் தங்குவது நல்லதா, காட்டை ஒட்டித் தங்குவது நல்லதா? அப்பகுதியை நேரில் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: மேற்குக்காடு

வணக்கம். தாய்லாந்தில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில், காட்டைப் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் விடை எழுதுகிறேன். ஆற்றைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இம்மன்றத்தில் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தாய்லாந்தில் தேசியப் பூங்கா வேறு, வனவிலங்குச் சரணாலயம் வேறு. தேசியப் பூங்காக்கள் மக்கள் வந்து தங்கிக் களிப்பதற்கும் இடம் தருபவை. சரணாலயங்களோ விலங்குகளுக்காகவே ஒதுக்கப்பட்டவை. அங்கே மனிதர்கள் செல்லக்கூடிய எல்லை குறுகியது, செல்வதற்கு அனுமதியும் தேவை. ஹுவாய் கா கேங் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 2,780 சதுர கிலோமீட்டர். மேற்கே இதை ஒட்டியுள்ள துங் யாய் நரேசுவான் சரணாலயத்தையும் சேர்த்தே 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து 6,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமாக விரிந்து கிடக்கின்றன. அவ்வளவு பெரிய காட்டில் உங்களைப் போன்ற பயணிகளுக்குத் திறந்திருப்பது விளிம்பில் உள்ள ஒரு சிறு பகுதிதான். லான் சாக் வட்டத்தின் வழியாகச் சென்றால் சரணாலயத் தலைமையகம் வரும். அதைச் சுற்றியுள்ள இயற்கை நடைபாதைகளில் பகல் வேளையில் நடக்கலாம்; உள்ளே தங்க வேண்டுமானால் நெடுநாட்களுக்கு முன்பே எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்க வேண்டும். விண்ணப்பம் தாய்லாந்து மொழியில் இருந்தால் வேலை எளிதாக முடியும். நீங்கள் பதிவு செய்யும் தங்கும் விடுதிக்காரரிடம் சொன்னால், தலைமையகத்துக்குத் தொலைபேசியில் பேசி அன்றைய நிலையைக் கேட்டுச் சொல்வார்கள். காட்டுத்தீ, வெள்ளம், யானை நடமாட்டம் ஆகிய காரணங்களால் பாதைகள் திடீரென்று மூடப்படுவது உண்டு என்பதால் இந்தத் தொலைபேசி அழைப்பைத் தவிர்க்காதீர்கள்.

விலங்குகள் கண்ணில் படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இக்காட்டில் புலி, சிறுத்தை, யானை, காட்டெருமை, பாண்டெங் என்னும் காட்டு மாடு, நீண்ட மூக்குள்ள தாபிர் என்னும் விலங்கு, செந்நாய் எல்லாமே இருக்கின்றன. தாய்லாந்தில் காட்டு நீரெருமை இயற்கையாக எஞ்சியிருப்பது இந்தக் காட்டின் தென்பகுதியில் மட்டும்தான். 2024இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி தாய்லாந்து முழுவதிலும் 179 முதல் 223 வரை காட்டுப்புலிகள் உள்ளன; அவற்றில் பெரும்பகுதி இக்காட்டையும் இதைச் சூழ்ந்த மேற்கு வனத்தொகுதியையும் சார்ந்தவை. தென்கிழக்கு ஆசியாவின் பல நாடுகளில் புலி அடியோடு மறைந்துவிட்ட காலத்தில் இங்கே மட்டும் எண்ணிக்கை ஏறுகிறது என்றால், நாள்தோறும் நடந்தே ரோந்து செல்லும் வனக்காவலர்களும், மனிதர் நுழையாமல் காக்கப்பட்ட அந்த உட்பகுதியும்தான் காரணம். ஆகவே தலைமையக நடைபாதையில் நடக்கும்போது புலியையோ யானையையோ காண்பீர்கள் என்று நான் வாக்களிக்க மாட்டேன். மணலில் பதிந்த கால்தடம், மரப்பட்டையில் நகக்கீறல், சாணம், ஓடைக்கரையில் பச்சை மயிலின் குரல் ஆகியவற்றைப் பார்க்கவும் கேட்கவும் தயாராக வருகிறவருக்கு இக்காடு நிறையவே கொடுக்கும். உங்கள் தந்தையாரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, இவர் இங்கே வர வேண்டியவர்தான் என்று தோன்றியது.

தலைமையகத்தில் அவர் நிச்சயம் பார்க்க வேண்டியது சுவெப் நாகசத்தியனின் நினைவிடம். 1980களின் பிற்பகுதியில், தெற்கே சியவ் லான் அணை கட்டப்பட்டு நீர் ஏறியபோது மூழ்கும் தீவுகளிலிருந்து விலங்குகளை மீட்கும் பணிக்குத் தலைமை வகித்தவர் அவர். அந்த வேலையின் முடிவில், மீட்டவற்றைவிட அழிந்தவை மிகுதி என்று கண்டு, அணைகளுக்கு எதிராக வெளிப்படையாகவே குரல் கொடுத்தார். துங் யாய் காட்டை மூழ்கடிக்க இருந்த நாம் சோன் அணைத் திட்டம் 1988இல் நிறுத்தப்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. பின்னர் ஹுவாய் கா கேங்கின் தலைவராகப் பொறுப்பேற்ற அவர், வேட்டைக்காரர்களும் மரம் வெட்டுவோரும் அவர்களுக்குப் பின்னால் நின்ற செல்வாக்குள்ளவர்களும் காட்டைச் சூறையாடுவதையும், தன் காவலர்கள் போதிய ஊதியமும் பாதுகாப்பும் இன்றி உயிரிழப்பதையும் கண்டு மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1990 செப்டம்பர் 1ஆம் நாள் அதிகாலையில், தன் நாற்பதாம் வயதில், அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இக்காட்டுக்கு உலகப் பாரம்பரியத் தகுதி கோரும் ஆவணத்தைத் தயாரித்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டே அந்தத் தகுதி கிடைத்துவிட்டது. இன்றும் ஆண்டுதோறும் செப்டம்பர் 1ஆம் நாள் அங்கே நினைவு நிகழ்ச்சி நடக்கிறது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு அந்த மரங்களுக்கிடையே நடந்தால், அனுமதிச் சீட்டும் கெடுபிடியும் தொல்லையாகத் தோன்றாது.

பறவைகளில் நாட்டமுள்ளவர் என்பதால் ஒரு செய்தி. செம்முகப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு இக்காட்டில் கூட்டமாக வாழ்ந்து வந்தது. 1992இல், புலியைக் கொல்வதற்காக வேட்டைக்காரர்கள் நஞ்சு தடவி வைத்த மான் உடலைத் தின்று அக்கூட்டம் இறந்துபோனது. தாய்லாந்தின் காடுகளில் அந்த இனத்தின் வாழ்வு அத்துடன் முடிந்தது. இப்போது உயிரியல் பூங்காவில் வளர்ந்த பறவைகளைக் கொண்டுவந்து, இதே காட்டில் மீண்டும் குடியேற்றும் முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்துக்குப் பயணிகளை விடுவதில்லை. ஆனால் காவலர்களிடம் கேட்டால் ஆர்வத்தோடு சொல்வார்கள்.

டிசம்பர் நல்ல தேர்வு. மழை நின்று, ஓடைகளில் நீர் தெளிந்து, அட்டைத் தொல்லை குறைந்திருக்கும். இலையுதிர் காட்டில் இலைகள் கொட்டத் தொடங்குவதால் கண்ணுக்கு எட்டும் தூரமும் கூடும். ஆண் பச்சை மயில்கள் நீண்ட தோகையுடன் காணப்படும் காலமும் அதுவே. பிப்ரவரிக்குப் பிறகு காட்டுத்தீயும் வயல்களை எரிக்கும் புகையும் சேர்ந்துகொள்ளும் என்பதால், பயணத்தைத் தள்ளிப்போட நேர்ந்தால் ஜனவரியைத் தாண்ட விடாதீர்கள்.

மறுமொழி: படகுத்துறை

ஆற்றைப் பற்றி நான் எழுதுகிறேன். மேற்குக்காடு எழுதியவை அனைத்தும் சரி. ஆனால் உதய் தானிக்குச் செல்பவர்கள் ஆற்றையும் காட்டையும் இரண்டு தனித்தனிச் சுற்றுலா இடங்களாக நினைத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் படம் எடுத்துவிட்டுக் காட்டுக்கு விரைகிறார்கள் என்பது என் மனக்குறை. சகே கிராங் ஆறு மே வோங் மலைக்காட்டில் பிறக்கிறது. ஹுவாய் கா கேங்கின் கிழக்குச் சரிவிலிருந்து இறங்கும் தாப் சலாவ் ஓடையும் இதில்தான் வந்து சேர்கிறது. பிறகு ஆறு நகரத்தைக் கடந்து சாவ் பிரயா பேராற்றில் கலக்கிறது. மேற்கே அந்தக் காடுகள் நிற்பதால்தான் இங்கே மிதவை வீடுகளுக்கு அடியில் நீர் ஓடுகிறது. 2013இல் மே வோங் அணைத் திட்டத்தை எதிர்த்து, சுவெப் நாகசத்தியன் அறக்கட்டளையைச் சேர்ந்த சசின் சலெர்ம்லாப், அக்காட்டுப் பகுதியிலிருந்து பாங்காக் வரை 388 கிலோமீட்டர் நடந்தார். அவருடன் வழிநெடுக மக்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர் காக்க நடந்தது இந்த ஆற்றின் தலைமாட்டைத்தான்.

மிதவை வீடுகளை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீடும் மூங்கில்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அமைத்த மிதவையின் மேல் நிற்கிறது. நீரில் ஊறும் மூங்கில் சில ஆண்டுகளில் நைந்துவிடும். வீட்டை அசைக்காமலேயே அடியில் பழைய கட்டுகளை உருவிப் புதியவற்றைச் செருகுகிறார்கள். ஆறு ஏறினால் வீடும் ஏறுகிறது, இறங்கினால் கட்டிய கயிறுகளைத் தளர்த்தி வீட்டை நடு ஆற்றை நோக்கித் தள்ளிக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் கூண்டுகளில் பிளா ரேட் என்னும் பெரிய மீனை வளர்க்கிறார்கள், இம்மாகாணத்தின் பெயர் பெற்ற மீன் அதுதான். சில வீடுகளுக்கு அருகில் சிறு மிதவைகளின் மேல் தாழை வகையைச் சேர்ந்த, மணமுள்ள பாண்டன் செடி வரிசையாக நிற்கும். இவ்வீடுகளுக்கு அரசு கொடுத்த வீட்டு எண்ணும் உண்டு. ஆனால் இந்த வாழ்க்கை சுருங்கிக்கொண்டே வருகிறது. இங்கே ஆற்றின் மட்டம், கீழே சைநாட் மாகாணத்தில் 1957இல் திறக்கப்பட்ட சாவ் பிரயா அணை நீரை எவ்வளவு தேக்கி வைக்கிறது என்பதைப் பொறுத்தது. 2020ஆம் ஆண்டு வறட்சியின்போது மட்டம் வெகுவாக இறங்கி, பல மிதவைகள் சேற்றில் தட்டி நின்றன. தரையில் ஒரு பக்கம் சாய்ந்தால் மூங்கில் ஒடிந்துவிடும். பழுது பார்க்கும் செலவைத் தாங்க முடியாதவர்கள் கரையேறிவிடுகிறார்கள். பிள்ளைகள் பாங்காக்குக்கு வேலைக்குப் போய்விட, பெரும்பாலான வீடுகளில் இருப்பவர்கள் முதியவர்களே.

அதனால் ஒரு வேண்டுகோள். நகரின் படகுத்துறையில் வாடகைப் படகு கிடைக்கும். காலையிலோ மாலையிலோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் திறந்த திண்ணையில் குளித்துக்கொண்டோ சமைத்துக்கொண்டோ இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். கேமராவைத் தூக்குமுன் கை கூப்பிச் சிரித்தால் அவர்களும் கை கூப்புவார்கள், பிறகு எடுக்கலாம். வேகப் படகைவிடத் துடுப்புப் படகோ மெதுவாகச் செல்லும் மோட்டார்ப் படகோ நல்லது. அலை அடித்தால் மீன் கூண்டுகள் ஆடும்.

தங்குவதற்கு ஆற்றங்கரைச் சந்தையை ஒட்டிய பழைய மரவீட்டு விடுதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விடியுமுன்னே சந்தை கூடிவிடும். கீரைக்கட்டு, ஆற்று மீன், வாழை இலையில் மடித்த பலகாரம் என்று எல்லாம் தரையில் விரித்திருக்கும். பொழுது ஏறுவதற்குள் பாதிக் கடைகள் கலைந்துவிடும் என்பதால், சீக்கிரம் எழும் பழக்கமுள்ள உங்கள் தந்தையாருக்கு ஏற்ற ஊர் இது. சந்தைக்கு எதிர்க்கரையில் உள்ள வாட் உபோசத்தாராம் கோயிலுக்குப் பாலத்தைக் கடந்து நடந்தே போய்விடலாம்; அதன் உட்சுவரில் புத்தரின் வாழ்க்கையைத் தீட்டிய பழைய ஓவியங்கள் உள்ளன. முடிந்தால் சனிக்கிழமை ஊரில் இருக்கும்படி திட்டமிடுங்கள். த்ரோக் ரோங் யா என்னும் பழைய சீன வணிகர் தெருவில் அன்று பிற்பகலில் தொடங்கி இரவு வரை நடைபாதைச் சந்தை உண்டு. ஒரு காலத்தில் அபின் கடைகள் இருந்த சந்து அது. இப்போது அந்த மரக்கட்டடங்களின் வாசலில் பாட்டிமார்கள் பலகாரம் விற்கிறார்கள்.

நகரத்துக்குத் தெற்கே உள்ள வாட் தா சுங் கோயிலைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. நூறு மீட்டர் நீளமுள்ள அதன் கண்ணாடி மண்டபம் கண்ணைக் கூச வைக்கும் அளவுக்கு மின்னும், பார்க்கலாம். நண்பகலில் மூடிப் பிற்பகலில் மீண்டும் திறப்பார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். என் கருத்தில், ஒரு பொழுதை ஆற்றங்கரையில் கழிப்பதா இங்கே கழிப்பதா என்று தேர்ந்தெடுக்க நேர்ந்தால் ஆற்றங்கரைதான்.

மறுமொழி: தென்திசை

மேலே எழுதியவர்களுடன் நான் முரண்படவில்லை. ஆனாலும் கேள்வி கேட்டவர் யானையையும் காட்டு மாட்டையும் பார்க்க வேண்டும் என்று விரும்பியிருப்பதால் இதைச் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது. தாய்லாந்தில் காட்டு யானையையும் காட்டெருமையையும் கண்ணால் காண்பதற்கு மிகுந்த வாய்ப்புள்ள இடம் தெற்கே பிரச்சுவாப் கிரி கான் மாகாணத்தில் உள்ள குயி புரி தேசியப் பூங்கா. அங்கே பிற்பகலில் பூங்காவின் வழிகாட்டியுடன் திறந்த வண்டியில் புல்வெளிகளுக்கு அழைத்துச் செல்கிறார்கள். உங்கள் பயணத்தின் முதன்மை நோக்கம் பெரிய விலங்குகள் என்றால், உதய் தானிக்குச் சென்று ஏமாற்றத்துடன் திரும்புவதைவிட குயி புரிக்குச் செல்வது பொருத்தம். பறவைகளே முதன்மை என்றால் உதய் தானியை வைத்துக்கொண்டு, வடக்கே மே வோங் தேசியப் பூங்காவில் உள்ள சோங் யென் மலைக்கணவாயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல் உயரமான இடம். குளிரும் பனிமூட்டமும் மிகுதி, மலைக்காட்டுப் பறவைகளும் மிகுதி, இருவாட்சிகளும் உண்டு. ஆனால் அது காம்பேங் பெட் மாகாணப் பக்கமாகச் சுற்றிச் செல்ல வேண்டிய வழி. தனியாக ஒன்றிரண்டு நாட்கள் ஒதுக்காமல் முடியாது.

ஆற்றுமணல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தந்தையிடம் இவை அனைத்தையும் படித்துக் காட்டினேன். விலங்கு கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை, செம்முகப் பாறு வாழ்ந்த அந்தக் காட்டில் ஒரு நாளாவது நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனவே குயி புரியை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்கிறோம். சோங் யென் மலைக்கும் இம்முறை நேரம் போதாது என்று நினைக்கிறேன்.

இன்னும் சில ஐயங்கள் உள்ளன. அவருக்கு முழங்கால் வலி உண்டு; சமதரையில் நெடுநேரம் நடப்பார், ஆனால் படிகள் ஏறுவது கடினம். நகரத்தின் குன்றுக்கோயிலுக்கு நூற்றுக்கணக்கான படிகள் இருப்பதாகப் படித்தேன். மேலும் பாங்காக்கிலிருந்து வந்து சேரவும், மாகாணத்துக்குள் சுற்றவும் வாகனம் எப்படி? நாங்கள் இருவரும் சைவ உணவு உண்பவர்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மறுமொழி: மேற்குக்காடு

சகே கிராங் குன்றின் மேல் உள்ள வாட் சங்காட் ரத்தன கிரிக்கு அடிவாரத்திலிருந்து 449 படிகள். புத்த மழைக்காலத் தவம் முடிந்த மறுநாள், பொதுவாக அக்டோபரில், பிக்குகள் வரிசையாக அந்தப் படிகளில் இறங்கி வந்து பிச்சை ஏற்கும் விழாவுக்காகவே தாய்லாந்து மக்கள் தொலைதூரத்திலிருந்து வருகிறார்கள். டிசம்பரில் அதைக் காண முடியாது. ஆனால் குன்றின் பின்புறமாக வாகனச் சாலை மேலே வரை செல்வதால், உங்கள் தந்தையார் ஒரு படிகூட ஏறாமல் உச்சிக்குப் போகலாம். அங்கிருந்து நகரமும் வயல்களும் ஆற்றின் வளைவும் ஒன்றாகத் தெரியும். மாலை நேரம் நல்லது. முதலாம் ராமா மன்னரின் தந்தை இவ்வூர்க்காரர் என்பதால் அவருக்கு எழுப்பிய சிலையும் அங்கே உண்டு.

பாங்காக்கிலிருந்து உதய் தானி நகரம் வடக்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர். மோ சிட் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்திலோ சிற்றுந்திலோ மூன்று முதல் நான்கு மணி நேரத்தில் வந்துவிடலாம். இந்நகரத்தில் ரயில் நிலையம் இல்லை. நகரத்துக்குள் ஆற்றங்கரைப் பகுதியை நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் லான் சாக், பான் ராய் வட்டங்களுக்குச் செல்லப் பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது, செயலி மூலம் டாக்சி அழைக்கலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். விடுதி மூலம் ஓட்டுநருடன் வண்டியை நாள் வாடகைக்கு அமர்த்துவதே உங்களுக்கு உகந்தது. தாங்களே ஓட்டுவதானால் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் கட்டாயம். தாய்லாந்திலும் இடப்புறமாகத்தான் ஓட்ட வேண்டும், பாங்காக்கிலிருந்து வரும் 32ஆம் நெடுஞ்சாலையில் 333ஆம் சாலை பிரியும் இடத்தில் திரும்பினால் நகரம் வந்துவிடும். காட்டோரச் சாலைகளில் இருட்டிய பின் பயணம் செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்கிறேன். டிசம்பரில் மாலை ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், யானைகள் மரவள்ளி, கரும்பு வயல்களை நோக்கி வெளியே வரத் தொடங்கும் நேரமும் அதுதான். வழியில் யானையைக் கண்டால் வெகு தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஒலிப்பானையும் விளக்கையும் பயன்படுத்தாமல், அது கடந்து செல்லும்வரை காத்திருங்கள், நெருங்கினால் மெல்லப் பின்னால் நகருங்கள். இறங்கிப் படம் எடுக்கவே கூடாது.

லான் சாக் செல்லும் நாளிலேயே ஹுப் பா தாட் என்னும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் மலைக்கு நடுவே, கூரை இடிந்த குகையைப் போல நாற்புறமும் பாறைச் சுவர் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. உள்ளே போக இருண்ட குகை வழியாகக் கொஞ்ச தூரம் கைவிளக்குடன் நடக்க வேண்டும். தரை ஈரமாகவும் சில இடங்களில் மேடு பள்ளமாகவும் இருக்கும் என்பதால் தந்தையார் கைத்தடி வைத்துக்கொள்ளட்டும். மறுபக்கம் வெளியே வந்தவுடன் காற்று குளிர்ந்து, தாட் என்னும் பெரிய பனை வகை மரங்கள் தலைக்கு மேல் அடர்ந்து நிற்கும். சுவர்கள் உயரமாக இருப்பதால் சூரிய ஒளி நண்பகலை ஒட்டித்தான் தரையைத் தொடுகிறது, ஆகவே பதினொரு மணிக்கு மேல் செல்வது நல்லது. 2007இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான, பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிற மரவட்டை ஒன்று இங்கேதான் வாழ்கிறது. விரல் நீளம்கூட இல்லாத அதன் உடலின் இருபுறமும் முட்கள் போன்ற நீட்சிகள் இருக்கும். மழைக்காலத்தில்தான் மிகுதியாக வெளியே வரும் என்றாலும், டிசம்பரில் ஈரம் எஞ்சியிருக்கும் இலைச்சருகுகளில் பார்வையைச் செலுத்துங்கள். தற்காப்புக்காக சயனைடு சுரக்கும் உயிரினம் அது. கண்டால் தொட வேண்டாம், பாதையை விட்டுச் சருகில் கால் வைக்கவும் வேண்டாம்.

பாண்டெங் மாடுகளைக் காண விரும்பினால், சரணாலயத்தின் கிழக்கு விளிம்பில் உள்ள ஹுவாய் தாப் சலாவ்–ஹுவாய் ரபாம் வேட்டைத் தடைப் பகுதியைப் பற்றி விடுதியில் விசாரியுங்கள். காட்டிலிருந்து அவை அங்கே மேய வருவதுண்டு. உள்ளூர் மக்கள் வழிகாட்டியாக வருவார்கள். முழங்காலுக்குக் கீழ் வெள்ளைக் காலுறை அணிந்ததைப் போலவும், பின்புறத்தில் வெள்ளைத் திட்டுடனும் இருப்பதால் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும். தந்தையாரின் தொலைநோக்கி இங்கே நன்றாகப் பயன்படும்.

இன்னொரு நாள் மிஞ்சினால் தெற்கே பான் ராய் வட்டத்துக்குச் செல்லலாம். பான் சனாம் என்னும் சிற்றூரில் பாக்குத் தோப்புக்கு நடுவே பல நூற்றாண்டு வயதுள்ள ஒரு மாபெரும் மரம் நிற்கிறது. அதன் பலகை வேர்கள் ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேல் சுவர் போல எழுந்திருக்கும். வேரின் மேல் ஏறாதீர்கள். அவ்வட்டத்தின் லாவ் கிராங் மக்கள் நெய்யும் துணிகளும் பெயர் பெற்றவை. கென் மக்ரூட் மலைப்பகுதியில் கரேன் மக்களின் ஊர்கள் உள்ளன, குளிர்காலப் பூக்களுக்காக உள்நாட்டுப் பயணிகள் வருவார்கள். அங்கே கூட்டத்தைத் தவிர்க்க வேண்டுமானால் டிசம்பர் 5, 10 ஆகிய விடுமுறை நாட்களையும் ஆண்டின் கடைசி வாரத்தையும் விட்டுவிட்டுச் செல்லுங்கள். இரவுக்குக் கம்பளிச் சட்டை தேவைப்படும்.

மறுமொழி: நெல்வயல்

உணவைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று தாய்லாந்து மொழியில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் கடைகளில் முட்டையும் பாலும் வெங்காயமும் பூண்டும்கூட இல்லாத தூய சைவ உணவு கிடைக்கும். நகரச் சந்தைப் பகுதியில் சீன வம்சாவளியினர் மிகுதி என்பதால் தேடினால் அகப்படும். மற்றக் கடைகளில் காய்கறிப் பொரியல் என்று கேட்டாலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் பழக்கத்தினால் ஊற்றிவிடுவார்கள், பப்பாளிக் காய் சாலட்டில் உலர்ந்த இறால் இருக்கும். எனவே இவை எவையும் வேண்டாம் என்பதைத் தாய்லாந்து மொழியில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, சமைப்பவரிடமே காட்டுங்கள். முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். லான் சாக்கைத் தாண்டிய பின் கடைகளே குறைவு. காட்டுக்குச் செல்லும் நாளில் காலைச் சந்தையிலேயே ஒட்டும் சோறு, வாழைப்பழம், வேகவைத்த வள்ளிக்கிழங்கு, நிலக்கடலை, போதிய குடிநீர் ஆகியவற்றை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்குத் தனியாக இருக்கும் என்பதால், கடவுச்சீட்டையும் சில்லறையாக பாத் நோட்டுகளையும் கையோடு வைத்திருங்கள்; உணவுக் குப்பையைக் காட்டில் எங்கும் போடாமல் அதே பையில் நகரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.